பிரமநாயகத்தின் வீட்டுக்காரி

"அம்மா, நேத்து அவரை அடிச்சுட்டேன்."

மலையடிவார மடத்தில் காலைத் தியானம் முடிந்து எல்லோரும் எழுந்து போயிருந்தார்கள். உலகம்மை மட்டும் எழவில்லை.

அவளுக்கு அறுபத்தொரு வயது. எட்டு வருடமாக மடத்துக்கு வருகிறவள். குரு சிவகாமி அம்மையார் அவளைவிடப் பத்து வயது இளையவர்.

"யாரை?"

"என் வீட்டுக்காரரை. கன்னத்துல. பல்செட் தெறிச்சு விழுந்துச்சு."



பிரமநாயகத்துக்கு நான்கு வருடமாக மறதி நோய். இந்த ஆவணியிலிருந்து மனைவி முகமும் மறந்துபோயிற்று.

"குளிப்பாட்டப் போனேன். திருட வந்தியாடின்னு என் முடியைப் பிடிச்சு இழுத்தார். எப்படிக் கை ஓங்கினேன்னே தெரியலை. என் கைதானா அது? இன்னும் நம்ப முடியலைம்மா."

"அப்புறம்?"

"அடுக்களையில போய் நின்னேன். கொஞ்ச நேரத்துல அவரே வந்தார். கன்னத்தைப் பொத்திக்கிட்டு."

"வந்து?"

"'தாயி, ஒரு பொம்பளை என்னை அடிச்சுட்டா'ன்னார். என்கிட்டயே."

அம்மையாரின் கை ஜெபமாலையில் நின்றுவிட்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவர்தான் சொன்னார். 'என் வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கா. வரட்டும். அவ சும்மா விடமாட்டா.'"

வெளியே யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் பாவிம்மா. ஏதாவது தண்டனை சொல்லுங்க. பட்டினி கிடக்கச் சொன்னாலும் கிடக்கிறேன்."

அம்மையார் ஜெபமாலையைக் கீழே வைத்தார்.

"அந்த வீட்டுக்காரி எங்கே?"

உலகம்மை திடுக்கிட்டு நிமிர்ந்தாள். உதடு கோணியது. அடக்க முடியாமல் அழுகை வெடித்தது.

"அவ தூங்கியே ஒரு மாசமாச்சும்மா."

அழுது ஓயும்வரை அம்மையார் காத்திருந்தார்.

"இப்போ அவர்கிட்ட யாரு?"

"பக்கத்து வீட்டு மெர்சி. பத்து மணிக்கு அவ வேலைக்குப் போகணும்."

அம்மையார் எழுந்து உள்ளே போனார். தன் பாயையும் தலையணையையும் கொண்டுவந்து ஜன்னலோரம் விரித்தார். கதவைப் பாதி சாத்தினார். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அந்த வீட்டுக்காரியை இதுல படுக்கச் சொல்லுங்க."

உலகம்மை ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"மதியத்துக்கு அவர் என்ன சாப்பிடுவார்?"