பங்குக்குப் போன படம்

கோணக்காட்டுப்புதூர்க்காரர்கள் மூளையை லேசில் செலவழிக்க மாட்டார்கள். ஆபத்து அவசரத்துக்கு ஆகட்டுமென்று புத்தம்புதுசாகவே வைத்திருப்பார்கள். அந்த ஊர்ச் சென்னியப்பனுக்கு ஒருநாள் அவசரம் வந்தது.

கோயமுத்தூர் ஹாஸ்டலில் படிக்கிற மகள் கோகிலா டிவிப் பாட்டுப் போட்டியில் பாடியிருந்தாள். அன்று சாயங்காலம் அதைக் காட்டப் போகிறார்கள். "அப்பா, நீங்க கண்ணால பாத்தாத்தான் நான் பாடினதுக்கே அர்த்தம்" என்று சொல்லியிருந்தாள். காலையில் பார்த்தால் டிவியின் வலப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு. மகள் முகத்தில் கோடு விழுந்துவிடுமே என்று சென்னியப்பன் உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

வெளியூர் போயிருந்த மெக்கானிக் போனிலேயே வழி சொன்னார். "கரண்டைப் புடுங்கிட்டுத் தெறங்க. கை ஈரமா இருக்கக் கூடாது. உள்ள ரெண்டு பட்டை வயர் இருக்கும். கழட்டிச் சுத்தமாத் தொடைச்சு, மாட்டுங்க."

சென்னியப்பனும் கூட்டாளிகள் பொங்கியண்ணனும் வெள்ளியங்கிரியும் மத்தியானம் வரை வாசலில் நின்று கையை வெயிலில் காயவைத்தார்கள். பிறகு அதே கையால் புளியைக் கரைத்து, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் பட்டைகளைத் தேய்த்தார்கள். ஒன்றை மாட்டிக் கரண்டைக் கொடுத்ததுமே டிவி ஓடத் தொடங்கியது.

"இன்னொண்ணு?" என்றான் வெள்ளியங்கிரி.

"ஒண்ணுலயே ஓடுது, ரெண்டெதுக்கு? கம்பெனிக்காரன் ஏமாந்துட்டான்" என்று மிச்சப் பட்டையைக் கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டிக்கொண்டான் பொங்கியண்ணன்.

கோடு போயே போச்சு. கோடு இருந்த பாதியும் கூடவே போயிருந்தது. இடப்பக்கம் படம், வலப்பக்கம் அடுப்புக்கரி.

நிகழ்ச்சி தொடங்கியது. இடது பாதியில் நடுவர்கள் தலையாட்டுகிறார்கள். கோகிலாவின் குரல் கணீரென்று கேட்கிறது. ஆளைக் காணோம்.

"சத்தம் வந்துருக்குது, எம் புள்ளை எங்கடா?" சென்னியப்பன் அழுதே விட்டார்.

பொங்கியண்ணன் பட்டை கட்டிய கையால் நடுச்சுவரைக் காட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி நாச்சிமுத்து. தை மாதம்தான் பாகம் பிரித்திருந்தார்கள். அண்ணனுக்கு அம்மி, தம்பிக்குக் குழவி என்று அவ்வளவு நேர்த்தியான பாகம். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் சட்னி கிடையாது.

"ரெண்டூட்டுக்கும் கேபிளு ஒண்ணுதானுங்? படத்தையும் பிரிச்சுட்டாங்க."

"இத்தனை நாளா முழுசா வந்துச்சேடா?"

"பாகப் பத்திரம் கவர்மெண்டு ஆபீசுல மெதுவாத்தானுங் நகரும். இன்னிக்குத்தான் கேபிளுக்கு வந்து சேர்ந்திருக்கும்."

கவர்மெண்டு என்றதும் சென்னியப்பனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மூவரும் தம்பி வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே டிவியில் படம் முழுசாக ஓடியது.

"அடப்பாவி! எம் பாதியையும் சேத்து வெச்சிருக்கான்!"

"வாங்கண்ணா, நம்ம அம்மிணி என்னமாப் பாடுது பாருங்க!" என்று நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

சென்னியப்பன் இரண்டு கையாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டார். "பங்காளியூட்டுல பச்சத்தண்ணி குடிக்காதவன்டா நான்! இங்க உக்காந்து புள்ளையப் பாப்பனா? எம் பாதியை வுடு!"

வெள்ளியங்கிரி கட்டிலில் கிடந்த போர்வையை உருவி, கோகிலா நின்ற வலது பாதியை மூடினான். "வழியை அடைச்சாச்சுங். இனிப் படம் நம்மூட்டுக்குத்தான் வந்தாகோணும். ஓடுங்க!"

விழுந்தடித்து ஓடினார்கள். அங்கே கரி கரியாகவே இருந்தது. பாட்டு முடிந்து, இடது பாதி நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. "அப்பா, பாத்தீங்களா?"

சென்னியப்பன் டிவியின் கரிப் பாதியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எப்பிடிக் கண்ணு பாக்கறது? போயும் போயும் உங்க சித்தப்பன் பங்குல போயி நின்னுக்கிட்டயே! அடுத்த வாட்டியாச்சும் நம்ம பக்கமாத் தள்ளி நின்னு பாடு. வரப்பைத் தாண்டீராதே சாமி!"