கழற்றாத இறகு

மான்குட்டி கழுத்து வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது.

"அம்மா! காலுக்குக் கீழே தரையே இல்லம்மா!"

தாய்மான் கரையில் நின்று கத்தியது. குரங்கு ஒரு கொடியைப் பிடுங்கி வீசியது. குட்டி அதைப் பல்லால் கவ்வியது. கொடி அறுந்துபோனது.

"இந்தப் பக்கம் ஏண்டி வந்தே?"

"வெள்ளை இறகு தொங்குச்சே! இறகு இருந்தா நல்ல வழின்னு நீதானே சொல்லிக்கொடுத்தே!"

அதற்கப்புறம் குட்டி பேசவில்லை. சேறு மூடிக்கொண்டது.

கரையில் கூடியிருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாதையோர மரத்தில் இறகு ஆடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். முன்பு அந்தக் காட்டில் ஆளுக்கொரு அடையாளம். முயல்களுக்கு வெள்ளை இறகு என்றால் நல்ல வழி. கொக்குகளுக்கு அதே இறகு என்றால் புதைசேறு, கிட்டே வராதே! யாராவது வழி தவறி மாட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் முள்ளம்பன்றி எல்லோரையும் உட்காரவைத்துப் பேசியது. மழைக்காலம் முழுக்கச் சண்டை. ஒருவழியாக முடிவானது. இனிமேல் எல்லோருக்கும் ஒரே அடையாளம்: இறகு என்றால் வா, முள்கொத்து என்றால் வராதே. குட்டிகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். "அவங்கவங்க கட்டின பழைய அடையாளத்தை அவங்கவங்களே கழற்றிடுங்க" என்று முள்ளம்பன்றி சொன்னது. எல்லோரும் தலையாட்டினார்கள். கொக்கும்தான்.

முள்ளம்பன்றி இப்போது கூட்டத்தில் நின்ற கொக்கின் பக்கம் திரும்பியது.

"கொக்கண்ணே, முள்கொத்து எங்கே?"

"கட்டினேனே! மரத்துக்கு அந்தப் பக்கம் பாரு."

"அந்தப் பக்கம் வெறும் தண்ணி. அங்கேயிருந்து யார் வருவா? சரி, இந்த இறகு?"

"அது என் சொந்த இறகுப்பா. பார்க்க எவ்வளவு அழகா இருக்கு! எங்க ஆளுங்களுக்கு அர்த்தம் தெரியும். இருந்துட்டுப் போகட்டும்னு..."

"உங்க ஆளுங்க எங்கே நடக்குறாங்க? பறக்குறீங்க!" என்று குரங்கு கத்தியது. "சேத்துல விழறது நாங்கதானே!"



தாய்மான் மரத்தடிக்குப் போனது. இறகைக் கடித்து இழுத்தது. ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமான வேலை.

புது அடையாளத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் மட்டும் போதாது, பழையதைக் கழற்றாமல் விட்டால் புதியதை நம்புகிறவர்கள்தான் முதலில் சாவார்கள். கழற்று என்றுதான் கொக்கிடம் சொன்னார்கள், அது கழற்றவில்லை.