மணிக்கட்டில் ஒரு நரம்பு

"இருபத்தாறு வருஷமா பரிணாமம் நடத்துதேன் டீச்சர். ஒரு பிள்ளையும் பாடத்துல ஒரு கேள்வி கேக்க மாட்டேங்கு. அது ஏன்?"

கேட்டவர் திருமேனிநாதன். மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், வயது ஐம்பத்து நாலு.

அவர் தேடிப் போன குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் ஜெனோவா. கடற்கரையோரம் எட்டாம் வகுப்பு வரைக்குமான ஒரு சின்னப் பள்ளியில் டீச்சர். தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவரிடம் போய்ப் பாடம் கேட்பது லேசான காரியம் இல்லை. திருமேனிநாதனும் தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

ஜெனோவாவிடம் படித்த பிள்ளைகள்தான் ஒன்பதாம் வகுப்புக்கு அவரிடம் வருவார்கள். ஜூன் மாதம் பூராவும் நச்சரிப்பார்கள். மீனுக்கு ஏன் இமை இல்லை, பல்லிக்கு வால் முளைக்கிறது, நமக்கு ஏன் விரல் முளைப்பதில்லை என்று குடைவார்கள். ஆகஸ்டு பிறப்பதற்குள் வகுப்பு அடங்கிவிடும். அதை ஒழுக்கம் என்றே அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

போன வாரம் நடந்ததுதான் அவரை உலுக்கிவிட்டது. பத்தாம் வகுப்பு இசக்கியம்மாள், பரிணாமக் கேள்விக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். சந்தோஷம் தாங்காமல் அவளைக் கூப்பிட்டு, எழுதினதில் எது உனக்கு ஆச்சரியமாக இருந்தது என்று கேட்டார்.

"ஆச்சரியப்படணுமா சார்? அது எத்தனை மார்க்கு?"

அவள் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஒன்பதாம் வகுப்பு ஆகஸ்டுக்குப் பிறகு அவரிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

இதைச் சொன்னதும் ஜெனோவாவின் முகம் மாறியது.

"அவ எங்க பிள்ளை சார். ஏழாங்கிளாசுல ஒரு நண்டைக் கையில வச்சுக்கிட்டு மூணு நாள் என்னைப் பாடாப் படுத்துனவ."

அந்தப் பெண்ணை ஊமையாக்கியது தான்தானோ என்ற பயம்தான் திருமேனிநாதனை இங்கே கொண்டுவந்திருந்தது. பொதுத்தேர்வுக்கு இன்னும் நாலு மாதம். அதற்குள் அவளிடமிருந்து பழைய மாதிரி ஒரு கேள்வி வராவிட்டால், இனி என்றைக்கும் வராது என்று நினைத்தார்.

ஜெனோவா மேஜைமேல் கையை மல்லாத்தி வைத்தார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டை லேசாக மடக்கினார்.

"நீங்களும் செய்யுங்க."

செய்தார். அவருடைய மணிக்கட்டின் நடுவில் ஒரு நரம்பு கயிறு மாதிரி புடைத்து நின்றது. ஜெனோவாவின் மணிக்கட்டில் ஒன்றுமே எழவில்லை.

ஜெனோவா கையை எடுக்காமல் அவரையே பார்த்திருந்தார்.

திருமேனிநாதனுக்கு விடை தெரியும். தெரிந்த விடையை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்து அவருக்குப் பழக்கமில்லை. முதலில், அது நரம்பே அல்ல, தசைநார் என்று தொடங்கினார். மரம் ஏறும் விலங்குகளுக்கு அந்தத் தசை ஒத்தாசை. மனிதனுக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே அது இல்லாமல் பிறந்தவர்களும் சௌக்கியமாகப் பிள்ளைகுட்டிகளோடு பெருகினார்கள். இப்படியே எச்ச உறுப்புகள் வரைக்கும் போனார். கரும்பலகை இல்லாத குறைக்குக் காற்றில் படம் போட்டார். இருபது நிமிஷம் ஆயிற்று.

முடித்ததும், பழக்கதோஷத்தில் கேட்டார்.

"சந்தேகம் எதுவும் இருக்கா?"

ஜெனோவா எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

"இல்லை சார்."

அந்த ராகம் அவருக்குத் தெரியும். நாற்பத்திரண்டு பிள்ளைகள் தினமும் ஒரே குரலில் அவரிடம் பாடுகிற ராகம். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் கையை உயர்த்தி, விரல்களைச் சேர்த்து, மணிக்கட்டை மடக்கிக் காட்டினார். எல்லாரும் செய்யுங்கள் என்றார். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டார்.

பிள்ளைகள் செய்தார்கள். செய்துவிட்டு நோட்டைத் திறந்து, அவர் சொல்லப்போவதை எழுதப் பேனாவோடு காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. அவருக்கு நாக்கு நமநமத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"ஏலே, உனக்கு இல்லலே," என்றது ஒரு குரல்.

பெஞ்சு பெஞ்சாகக் கைகள் நீண்டன. ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பார்த்தார்கள். இருக்கிறவன் இல்லாதவனைப் பார்த்துச் சிரித்தான், இல்லாதவன் தன் மணிக்கட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தான். சத்தம் கூடியது. பிரம்பால் மேஜையைத் தட்டப் போன திருமேனிநாதன் பிரம்பைக் கீழே வைத்துவிட்டார்.

இசக்கியம்மாள் மட்டும் யாரோடும் பேசவில்லை. வலது கையைப் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள். மறுபடியும் வலது கையைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"சார், எனக்கு ஒரு கையில இருக்கு, ஒரு கையில இல்ல. ஒரே ஆளுக்கு எப்படி சார் ரெண்டு மாதிரி?"

தனக்குத் தெரிந்ததையெல்லாம் திருமேனிநாதன் துழாவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்குத் தெரியலையேம்மா."

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் கேட்டதில்லை.

"புக்குல இருக்குமா சார்?"

"இல்ல."

அவள் உட்காரவில்லை.

"அப்ப அதை யாரு சார் கண்டுபிடிப்பாங்க?"

திருமேனிநாதன் மேடையைவிட்டு இறங்கி அவள் பெஞ்சுக்கு வந்தார். கண்ணாடியை மூக்கின்மேல் சரிசெய்துகொண்டு, குனிந்து, அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கே ஆவல் பொறுக்கவில்லை.

"உங்கம்மாவுக்கும் ஒரு கையிலதான் இருக்கா?"