மகாராஜாவின் தலைக்கு மேல் சைக்கிள்

மருதங்கரை சமஸ்தானத்தை ஆண்ட உத்தண்ட பூபதி மகாராஜாவுக்குச் சைக்கிள் என்றால் உயிர். சைக்கிளுக்குத்தான் அவரைக் கண்டால் ஆகாது. ஏறிய கொஞ்ச நேரத்தில் கவிழ்த்துவிடும். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே, சைக்கிளில் ஏதோ கோளாறு என்பார் மகாராஜா. கோளாறுதான் என்று அரண்மனையே தலையாட்டும். உடனே மதராஸிலிருந்து புதுசு வரும். அதற்கும் அதே கோளாறு இருக்கும். மகாராஜா விழுந்தார் என்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது.

பழைய சைக்கிளை யாருக்காவது கொடுத்துத் தொலைக்கலாமே என்பீர்கள். அதற்கு அரண்மனை வழக்கம் இடம் கொடுக்கவில்லை. மகாராஜா கைபட்ட பொருளை வேறு ஒருவரும் பயன்படுத்தக் கூடாது. அவர் எப்படி விட்டுப் போனாரோ அப்படியே வைத்துக் காப்பாற்ற வேண்டும். இவருடைய தகப்பனார் கடித்து வைத்த அரை முறுக்கு ஒன்று வெள்ளித் தட்டில் இன்னும் இருந்தது. எறும்பு வராமல் பார்த்துக்கொள்ள அதற்கு ஒரு காவல்காரனும் இருந்தான். அப்பேர்ப்பட்ட அரண்மனை.

இப்படிச் சேர்ந்து சேர்ந்து வண்டிக் கொட்டகை முழுக்கச் சைக்கிள். அந்த நேரம் பார்த்து மகாராஜா மோட்டார் கார் ஒன்று வாங்கிவிட்டார். கப்பல் மாதிரி வந்து வாசலில் நின்றது கார். மழைக்காலம் வேறு. புதுக் கொட்டகை கட்டலாம் என்றால், காரை வாங்கியதிலேயே கஜானா காலி.

அரண்மனைக் கணக்குக்கும் சாமான்களுக்கும் பொறுப்பான அதிகாரி பேஷ்கார் வேதாசலம். அவருக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. மகாராஜாவுக்குப் பேச்சுத்துணையாக இருந்த தீர்த்தாரப்பன்மேல் அவருக்கு ரொம்ப நாளாக எரிச்சல். அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு சைக்கிளும் வெளியே போகக் கூடாது, காரும் உள்ளே நிற்க வேண்டும், இதைச் செய்ய நம் தீர்த்தாரப்பனை விட்டால் வேறு ஆள் உண்டா என்று மகாராஜாவின் காதில் தேனாக ஊற்றினார். மகாராஜாவும் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் தீர்த்தாரப்பன் அரண்மனை வீட்டைக் காலி செய்துகொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு சமஸ்தான எல்லையைத் தாண்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

தீர்த்தாரப்பன் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி அதற்குள் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். புருஷனுடைய சாமர்த்தியத்தில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவர் கொட்டகைக்குப் போய், தரையில் கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றார். தரையைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார். அங்கே தேக்கு உத்தரங்கள், வௌவால்களைத் தவிர வேறு குடித்தனம் இல்லாமல், சும்மா கிடந்தன.

கொல்லனைக் கூப்பிட்டு இரும்புக் கொக்கிகள் அடிக்கச் சொன்னார். உத்தரங்களில் அவற்றை மாட்டி, கயிறு கட்டி, சைக்கிள்களைத் தலைகீழாக மேலே ஏற்றித் தொங்கவிட்டார். சக்கரங்கள் மேலே, சீட்டு கீழே. வெள்ளிக்கிழமை காலையில் கார் ஜம்மென்று உள்ளே நுழைந்து நின்றது. பின் சீட்டில் மகாராஜா. வாயெல்லாம் பல்.

பேஷ்கார் இதற்காகத்தான் காத்திருந்தார். பவ்யமாகக் குனிந்து, கொஞ்சம் மேலே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மகாராஜா நிமிர்ந்து பார்த்தார்.

"மகாராஜாவின் பாதம் பட்ட பெடல், இப்போது மகாராஜாவின் தலைக்கு மேலே தொங்குகிறது. மிதிபடுகிற பொருளை ராஜாவின் சிரசுக்கு மேல் வைத்தவனுக்கு நம் சமஸ்தானத்தில் மொட்டையும் கழுதை ஊர்வலமும்தான் தண்டனை" என்றார் பேஷ்கார்.

மகாராஜாவின் பல்லெல்லாம் உள்ளே போயிற்று. "ஓய் தீர்த்தாரப்பன், இதற்கு என்ன சொல்கிறீர்?" என்றார். குரலில் பழைய சிநேகம் துளியும் இல்லை. வெளியே ஒரு கழுதை கூடத் தயாராக நின்றது. பேஷ்கார் எதிலும் முன்யோசனைக்காரர்.

தீர்த்தாரப்பனுக்குப் பயம்தான். ஆனால் பயம் வந்தால் அவருக்கு வாய் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

"நான் வழக்கப்படிதான் செய்தேன், மகாராஜா. வழக்கத்தை மீறியவர் பேஷ்கார். சைக்கிளையெல்லாம் இத்தனை நாளும் தரையில் நேராக நிறுத்தி வைத்திருந்தார்" என்றார்.

நேராக நிறுத்தாமல் வேறு எப்படி நிறுத்துவதாம் என்று பேஷ்கார் சீறினார்.

"மகாராஜா ஒரு பொருளை எப்படி விட்டுப் போனாரோ அப்படியே வைக்க வேண்டும் என்பதுதானே வழக்கம்? ஒவ்வொரு சைக்கிளையும் மகாராஜா விட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். சக்கரம் மேலே இருந்தது. சீட்டு கீழே இருந்தது. அதற்கும் கீழே மகாராஜா இருந்தார். ஓர் அங்குலம் மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். இல்லை, வேறு மாதிரி இருந்தது என்றால், எப்படி இருந்தது என்று பேஷ்காரே சொல்லட்டும்."

பேஷ்கார் வாயைத் திறந்தார். மகாராஜாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மகாராஜா மறுபடி நிமிர்ந்து, தலைக்கு மேலே தொங்கிய சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றும் எந்தப் பள்ளத்தில் தன்மேல் கிடந்தது என்று நினைவு வந்திருக்க வேண்டும். முதலில் வயிறு குலுங்கியது. பிறகு மீசை. பிறகு காரே ஆடுகிற மாதிரி சிரித்தார்.

"அதே இடம்தான் ஓய்! வலிதான் இல்லை" என்றார்.

தீர்த்தாரப்பனுக்கு அவர் இருந்த வீடே சொந்தமாக எழுதித் தரப்பட்டது. காரில் மகாராஜாவின் பக்கத்து சீட்டும் கிடைத்தது. அவர் மனைவி பாத்திர மூட்டையை அவிழ்த்தாள். பேஷ்காருக்கும் புது உத்தியோகம் கிடைத்தது. கயிறெல்லாம் உறுதியாக இருக்கிறதா என்று தினமும் காலையில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் நேர் கீழே நின்று, இழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.