முப்பிடாதியின் சேலை

கொம்பையாவின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சளி இல்லை. பைக் லாரியில் மோதியதில் மண்டையோட்டின் அடித்தளம் விரிசல் விட்டு, மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கசிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி முப்பிடாதி அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

விரிசலை அடைக்காவிட்டால் கிருமி மூளைக்கு ஏறிவிடும். ஆனால் வாசனை நரம்புகள் இறங்குவதும் அதே இடத்தில்தான். அடைத்தால் வாசனை திரும்பாது என்று டாக்டர் பூங்கோதை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அப்ப வேண்டாம்மா" என்றார் கொம்பையா. தலையணைக்கடியில் முப்பிடாதியின் துவைக்காத சேலை இருந்தது. "இதுல அவ வாசம் இன்னும் வருது."

"உங்களுக்கு வாசனை ஏற்கெனவே போயிருச்சுய்யா."

"வருதுங்கேன்."

பூங்கோதை அவர் கண்ணைக் கட்டினாள். காப்பித்தூளை நீட்டினாள். தெரியவில்லை. கிராம்பு. அதுவும் தெரியவில்லை. அடுத்து ஆஸ்பத்திரிப் போர்வையை நீட்டினாள்.

"இதுதாம்மா! இதேதான்!"

கட்டை அவிழ்த்தாள். கொம்பையா கையிலிருந்த போர்வையைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் தன் ஆசிரியர் டாக்டர் தாவீதிடம் போனாள்.

"நிரூபிச்சே காட்டிட்டேன் சார். அப்பவும் சம்மதிக்க மாட்டேங்கிறார். இல்லாததை இல்லைன்னு எப்படிப் புரிய வைக்கிறது?"

தாவீது எழுந்து வந்து கொம்பையாவின் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"அந்தச் சேலையைக் கொஞ்சம் தாங்க."

கொம்பையா தயங்கித் தந்தார். தாவீது அதை முகத்தில் வைத்துக் கண்ணை மூடினார். வெகுநேரம் அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"என்ன வேலை பார்த்தாங்க?"

"தீப்பெட்டி ஆபீஸ்லய்யா. அவ வாசல்ல வரும்போதே தீக்குச்சி மருந்து வாசம் உள்ள வந்துரும். 'போய்க் குளிடி, பத்திக்கப்போறே'ம்பேன். 'பீடியோட நிக்கிற ஆளு நீரு, தள்ளி நில்லும்'ம்பா." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"இப்பவும் வருதா?"

"வருதுய்யா."

"அது இந்த விரிசல் வழியா வரலை, கொம்பையா. நான் அடைக்கப்போறது விரிசலை மட்டும்தான்."

கொம்பையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

வராந்தாவில் பூங்கோதை கேட்டாள். "சார், சேலையில உண்மையிலேயே மருந்து வாசனை இருந்துச்சா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? அவருக்கு அறுந்த நரம்பு எனக்கும் அறுந்ததுதான். என் வீட்டுக்காரி உயிரோட இருந்தப்பவே." தாவீது நடையை நிறுத்தினார். "மூக்கு நல்லா இருக்கிறவ நீதானே. நீ மோந்து பார்க்கலையா?"