காலிக் கட்டில்

கோதண்டபாணிக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்திரண்டு. இது எந்த ஊர் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த ஆபீஸில் அப்படி அமைந்துவிட்டது.

கருவூலத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர் அவர். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள், என்ன மருந்து எவ்வளவு செலவானது என்று மாநிலம் முழுவதிலிருந்தும் அங்கே வந்து குவியும். பிரிவுக்குத் தலைமை டாக்டர் வான்மதி. எதைக் கேட்டாலும் பதில் சொல்லமாட்டார், ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். முதல் வாரமே இப்படி நாலைந்து தடவை போய்த் திரும்பியதில் கோதண்டபாணிக்கு 'சிஷ்யர்' என்று பெயர் விழுந்துவிட்டது. வெளியே முறைத்தாலும் அவருக்கு உள்ளூர அதில் சந்தோஷம்தான்.

ஒரு நாள் சிஷ்யர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குருவின் அறைக்குள் போனார்.

"மேடம், ஒரு திருட்டைப் பிடிச்சிட்டேன்."

"எங்க சார்?"

"பூலாங்காடு. மலையடிவாரத்துல பத்துக் கட்டில் ஆஸ்பத்திரி. ராத்திரிக் கணக்குல முக்கால்வாசி நாள் ஒரு நோயாளிகூட இல்லை. ஆனா குளுக்கோஸ், ஊசி மருந்து எல்லாம் பத்துக் கட்டிலும் நிறைஞ்ச மாதிரி காலியாகுது. ஆளே இல்லாத ஊர்ல மருந்து எங்க போகுது?"

ராத்திரிக் கணக்கு என்றால் வேறொன்றுமில்லை. நடு ராத்திரி, வருகிறவர் போகிறவர் எல்லாம் ஓய்ந்த பிறகு, நர்ஸ் வார்டைச் சுற்றிவந்து கட்டிலில் இருப்பவர்களை எண்ணி எழுதவேண்டும். பெரிய ஆஸ்பத்திரி, சின்ன ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஒரே நேரம், ஒரே வழக்கம்.

கோதண்டபாணி கையோடு உத்தரவையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வார்டு மருந்துக்குப் பொறுப்பான நர்ஸ் தவமணியை சஸ்பெண்ட் செய்வது, பத்துக் கட்டிலையும் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது.

வான்மதி அதை இரண்டு தடவை படித்தார்.

"கட்டில் எல்லாம் காலியாக் கிடக்குதுன்னு சொல்றீங்க."

"நான் சொல்லலை மேடம், கணக்கு சொல்லுது."

"நல்லதாப் போச்சு. அந்தக் காலிக் கட்டில்ல ஒரு நாள் போய்ப் படுத்துட்டு வாங்க. வந்ததும் கையெழுத்துப் போடறேன்."

"படுக்கவா?"

"ஆமா சார். படுத்துட்டுத்தான் வரணும்."

இந்த வயசில் இடுப்பு வலியோடு ராத்திரி பஸ்ஸில் போய், யாரோ படுத்த கட்டிலில் படுக்கவேண்டுமாம். கோதண்டபாணி வழியெல்லாம் மனசுக்குள் திட்டித் தீர்த்தார். ஆனாலும் போனார். குரு சொல்லியும் போகாமல் இருந்தால் சிஷ்யன் ஆகமுடியுமா?

மறுநாள் மத்தியானம் பூலாங்காட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். படுக்கக் கட்டில் இல்லை. பத்துக் கட்டிலிலும் ஆள் இருந்தது. ஒரு கட்டிலில் இரண்டு பேர் தலைமாடு கால்மாடாகப் படுத்திருந்தார்கள். எல்லாக் கையிலும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"எங்கிருந்துங்க வர்றீங்க?" என்றாள் நர்ஸ் தவமணி.

"மாநில ஆபீஸ்."

அவள் முகம் சுண்டிப்போனது.

அடி சக்கை, யாரோ போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள், ஊரைக் கூட்டிவந்து படுக்கவைத்து நாடகம் ஆடுகிறார்கள் என்று கோதண்டபாணி முடிவே கட்டிவிட்டார். முதல் கட்டிலில் வாயும் வயிறுமான ஒரு பெண் படுத்திருந்தாள். பெயர் மாதேவி. கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினாள் தவமணி. ரத்தச் சிவப்பே இல்லை, வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. இதை எப்படி நடிக்கமுடியும்? அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

பொழுது சாய்ந்தது. ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். ஊசி கழற்றின இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மாதேவியும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே? இந்த உடம்போட?"

"பூப் பறிக்கப் போகோணுமுங்க. ஏழு மணிக்குக் கடைசி பஸ்ஸு. வூட்டுக்குப் போய்ச் சோறாக்கி வெச்சுட்டுக் கண்ண மூடுனா, ஒரு மணிக்கெல்லாம் தோட்டத்து வண்டி வந்துருமுங்க. மல்லி மொட்டாவே பறிச்சாகோணும். விரிஞ்சுபோச்சுன்னா ஒருத்தரும் வாங்கமாட்டாங்க."

"ஒரு பத்து நாள் வேலைக்குப் போகாம இருக்கக்கூடாதா?"

மாதேவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்புறம் கூப்பிடமாட்டாங்க சார்."

"இந்தக் கட்டிலைத் தாலுகாவுக்குக் கொண்டுபோயிட்டா?"

"அங்க போனா ராத்திரிக்குத் திரும்ப முடியாதுங்க. போகமாட்டனுங்க." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கோதண்டபாணிக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அவளும் இப்போது மாசமாகத்தான் இருக்கிறாள்.

வார்டு காலியானது. அவர் தவமணியிடம் திரும்பினார்.

"இதை ஏம்மா நீ ஒரு வரி எழுதி அனுப்பலை?"

"எப்படிங்க எழுதறது? படுத்திருக்கிறவங்களை வெளிய விட்டதே தப்புங்க. விடமாட்டேன்னு சொன்னா வரவேமாட்டாங்க. ராத்திரி எத்தனை பேருன்னு கேக்கறீங்க, எத்தனை பேரோ அதை எழுதறேன். பொய் எழுதலீங்க சார்."

கோதண்டபாணி, குரு சொன்ன சொல் ஞாபகம் வந்து, ஒரு கட்டிலைக் காட்டி, "நான் இதுல படுக்கணும்" என்றார்.

"சீட்டுப் போடாம படுக்கமுடியாதுங்களே. உடம்புக்கு என்னன்னு எழுதட்டுங்க?"

"இடுப்பு வலின்னு எழுதிக்க." அது பொய்யில்லை.

படுத்ததும் தூங்கிப்போனவர், டார்ச் வெளிச்சம் முகத்தில் பட்டு விழித்தார். தவமணி கட்டில் கட்டிலாக வெளிச்சம் அடித்துக்கொண்டு வந்தாள். எல்லாம் காலி. அவர் கட்டிலருகே நின்று ஏதோ எழுதினாள்.

"என்னம்மா எழுதறே?"

"ஒண்ணுன்னுங்க."

"அடக் கடவுளே! என்னையா எண்ணினே?"

"சீட்டுப் போட்டுப் படுத்திருக்கீங்களே சார்."

அதற்குமேல் அவருக்கு எங்கே தூக்கம் வரும்? பூலாங்காட்டில் அன்றைக்கு ஒரே ஒரு நோயாளி. மாநில ஆபீஸுக்கும் அப்படித்தான் கணக்குப் போகப்போகிறது. அந்த நோயாளி அவர்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மாதேவி எங்கேயோ இருட்டில் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பூப் பறிக்கக் குனிந்து நிற்பாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

விடிந்து முதல் பஸ் வந்தது. பெண்கள் மல்லி வாசத்தோடு உள்ளே வந்து, அவரவர் கட்டிலைத் தேடிப் படுத்தார்கள். அவர் எழுந்து தன் கட்டிலைத் தூசி தட்டி மாதேவிக்குக் கொடுத்தார். மாதேவி கையை நீட்டிக்கொண்டு, ஊசி ஏறுவதற்குள்ளேயே தூங்கிவிட்டாள்.

ஊர் திரும்பிய கோதண்டபாணி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே நேராகக் குருவின் அறைக்குள் நுழைந்தார்.

"படுத்தீங்களா சார்?"

"படுத்தேன் மேடம்."

"கட்டில் காலியா இருந்துதா?"

அவர் மேஜைமேல் இருந்த உத்தரவை எடுத்து நாலாகக் கிழித்தார். பூப் பறிக்கிற பெண்களையும், தவமணி சொன்னதையும், தன்னையே எண்ணியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வான்மதி சிரிக்கவில்லை. தவமணியின் பெயரை மட்டும் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

"தவமணி மேல ஒண்ணும் வராது. கட்டிலும் அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

கோதண்டபாணிக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கூடவே சும்மா இருக்க முடியாமல் பழைய உற்சாகமும் ஏறிக்கொண்டது.

"மேடம், தப்பு எங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. எண்ணுற நேரம்தான் தப்பு. ராத்திரிக் கணக்கையே ஒழிச்சிடுவோம். இனிமே மாநிலம் பூராவும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எண்ணணும். பஸ்ஸிலேயே உத்தரவை எழுதிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வான்மதி அதை வாங்கிப் படித்தார்.

"பகல்ல எண்ணினா மாதேவி கணக்குல வந்துடுவாங்க."

"வந்துடுவாங்க மேடம்!"

"பகல்ல எண்ணினா யார் சார் காணாமப் போவாங்க?"

கோதண்டபாணி, ராத்திரியில் மட்டும் வந்து படுக்கிறவர்கள் எந்த ஊரில் இருப்பார்கள், பகலில் எங்கே போவார்கள் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு முகம்கூடத் தோன்றவில்லை.

"யாரு மேடம்?"

வான்மதி தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"எனக்கும் தெரியாது சார். நல்லவேளை, நீங்க பையை இன்னும் கீழ வைக்கலை."