செம்பிக்குக் காய்ச்சல்

“அந்த ஆள் படிச்சது ஒரே ஒரு புத்தகம்மா. அதையும் இன்னும் முடிக்கல. அவன்கிட்டப் போய் தினமும் என்ன கேக்கறீங்க?”

மாசிலாமணி இப்படிக் கேட்டபோது குழலி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆற்றங்கரை மடத்துக்கு அவர்தான் குரு. மாசிலாமணியைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“செம்பி எப்படி இருக்கான்னு கேக்கறேன்.”

செம்பி, ஒரு நாவலில் வரும் தோணிக்காரி.

மாசிலாமணி தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு வயதில் படிக்கத் தொடங்கினார். சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் புத்தகம் இருக்கும். ரயிலில் போனால் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போய்விடுவார். தாலி கட்டக் கூப்பிட்டபோது, “இன்னும் ரெண்டு பக்கம்” என்றவர். படித்த புத்தகங்களின் பெயரையெல்லாம் நோட்டில் எழுதி வந்தார். மடத்துக்கு வந்த நாளில் அது நாலாயிரத்து முந்நூறைத் தாண்டியிருந்தது.

எழுத்தாளர்கள் பலர் அவர் மனதில் வந்து போனார்கள். இருபது வயதில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர் முப்பதில் சலித்துப்போனார். கடைசிவரை நின்றவர் ஒருவர்தான், செம்பியை எழுதியவர். அவருடைய பதினொரு நாவல்களையும் ஏழேழு முறை படித்திருந்தார். வேறு யாராவது அவரைப் புகழ்ந்தால், தன் வீட்டுக்குள் யாரோ செருப்புக் காலோடு நுழைந்ததுபோல் இருக்கும் மாசிலாமணிக்கு.

மாசிலாமணி சொன்ன ‘அந்த ஆள்’ இருளப்பன், மடத்து மாடுகளைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவர். ஒன்பது வருடமாகச் செம்பி வரும் அந்த ஒரு நாவலைத்தான் விரல் வைத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் எல்லோரும் கூடும்போது அம்மை அவரிடம் கேட்பார். முந்தின நாளும் கேட்டார்.

“செம்பி எப்படி இருக்கா?”

“இன்னைக்கு மழைங்கம்மா. தோணி எடுக்கல. கஞ்சிதான் குடிச்சா.”

ஏழு முறை படித்தும் அந்தக் கஞ்சி மாசிலாமணிக்கு நினைவில் இல்லை. அறைக்குப் போய்த் தன் பிரதியைப் புரட்டினார். கஞ்சி இருந்தது.

அதன் பிறகுதான் அவர் அம்மையிடம் வந்து அப்படிக் கேட்டார்.

அம்மை கீரையிலிருந்து தலை தூக்கவில்லை.

“என்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்லையேம்மா.”

“உங்ககிட்ட என்ன கேக்கணும், ஐயா?”

மாசிலாமணி எழுந்து தொழுவத்துக்குப் போனார்.

இருளப்பன் வைக்கோலில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தின் தொடக்கத்தில் இருந்தார்.

“ஒன்பது வருஷமா முடியலையா?”

“முடிக்கறதில்லைங்க. செம்பிக்குக் காய்ச்சல் வருதில்ல, அந்த எடம் வந்ததும் மூடிருவேன். பெறகு மொதல்லருந்து.”

“ஏன்?”

இருளப்பன் வெட்கத்தோடு சிரித்தார்.

“பயம்தாங்க. நமக்கு வேற யாரு இருக்கா.” பிறகு சொன்னார்: “நீங்க முழுசும் படிச்சவங்க. சொல்லிராதீங்க ஐயா.”

மாசிலாமணி, செம்பி தனக்காகவே எழுதப்பட்டவள் என்று நாற்பது வருடம் நினைத்திருந்தார். இந்த ஆள் அவளை வீட்டு மனுஷியாக வைத்துக்கொண்டிருக்கிறான்.

“செத்துப்போயிடுவா,” என்றார். “காய்ச்சல் கண்ட மூணாம் நாள். ஆத்துல வெள்ளம். அக்கரையிலிருந்து வைத்தியரைக் கூட்டிவரணும். தோணி ஓட்ட அவளை விட்டா ஆள் கிடையாது.”

இருளப்பன் புத்தகத்தை மூடினார்.

“காலையிலயா, சாயந்தரமாங்க?”

மாசிலாமணி யோசித்தார்.

“தெரியல.”

இருளப்பன் எழுந்தார். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார். பிறகு ஆற்றுக்கு நடந்தார். சாவு வீட்டிலிருந்து வந்தவரைப்போல உடுத்த வேட்டியோடு நீரில் இறங்கினார். மூன்று முறை முழுகினார். ஈரத்தோடு படியில் உட்கார்ந்து அழுதார்.

பின்னாலேயே வந்த மாசிலாமணி கரையில் நின்றார்.

அம்மை வந்து பக்கத்தில் நின்றார். அவர் அந்த நாவலைப் படித்ததில்லை.

“என்ன ஆச்சு?”

“செம்பி இறந்துட்டாம்மா. நான்தான் சொன்னேன்.”

அம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் இறங்கினார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க முழுகலையா, ஐயா?”